மருத்துவமனைப் பணியாளரின் உணவும் உடல் எடையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செவிலியர்கள், ஆய்வக நுட்பநர்கள், பயிற்சி மருத்துவர்கள், வார்டு உதவியாளர்கள், தூய்மைப் பணியாளர்கள் என ஷிஃப்ட் மாறி மாறி உழைப்பவர்களையும், அவர்களுக்காகப் பணியிடத்திலேயே ஊட்டச்சத்துக் கல்வி தொடங்க நினைக்கும் நிர்வாகங்களையும் மனத்தில் வைத்து இந்தக் கேள்விகள் தொகுக்கப்பட்டுள்ளன. பதில்கள் தமிழ்நாட்டு மருத்துவமனைகளின் நடைமுறையை ஒட்டியவை.

நோயாளிகளுக்கு உணவு ஆலோசனை சொல்பவர்களுக்கே ஊட்டச்சத்துக் கல்வி எதற்கு?

சர்க்கரை நோயாளி எதைத் தவிர்க்க வேண்டும், யார் உப்பைக் குறைக்க வேண்டும் என்பதெல்லாம் பெரும்பாலான செவிலியருக்கு மனப்பாடம். ஆனால் அவர்கள் படித்த ஊட்டச்சத்துப் பாடம், மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு இரவில் உறங்கும் ஒருவரை வைத்து எழுதப்பட்டது. இரவு 7.30க்கு வார்டைப் பொறுப்பேற்று, காலை 7.30க்கு ஒப்படைத்துவிட்டு, பேருந்தில் வீடு திரும்பி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகே படுக்கும் ஒருவர் எந்த வேளையில் எதைச் சாப்பிடுவது என்று அந்தப் பாடம் சொல்வதில்லை. பணியிடக் கல்வி தொடங்க வேண்டிய இடம் இதுதான். தெரிந்ததை இந்தப் பணிமுறைக்குள் எப்படி நடத்திக்காட்டுவது என்பதைப் பணியாளர்களோடு உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும்.

தேவையும் சிறியதாக இல்லை. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ உடையவர்கள். ஆண்களில் இது 37 விழுக்காடு. அதே ஆய்வில் 53.4 விழுக்காட்டுப் பெண்களுக்கு இரத்தசோகை இருந்தது. செவிலியர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள் என்பதால் இந்த இரண்டு குறைகளும் ஒரே வார்டில், பல வேளைகளில் ஒரே உடலில், சேர்ந்தே இருக்கின்றன. எடை குறைய வேண்டும் என்பதற்காகச் சாப்பாட்டையே குறைக்கச் சொல்லும் திட்டம் இவர்களுக்குப் பொருந்தாது.

இரவுப் பணி உண்மையிலேயே எடையைக் கூட்டுகிறதா, அல்லது அது ஒரு சாக்கா?

சாக்கு என்று தள்ளிவிட முடியாது. உடலின் ஒவ்வொரு செல்லுக்கும் இரவு பகல் அறியும் ஓர் உள் கடிகாரம் உண்டு. அதன் இயக்கத்தைக் கண்டறிந்ததற்காக 2017இல் மூன்று அறிவியலாளர்களுக்கு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்தக் கடிகாரத்தின் கணக்கில் நள்ளிரவு என்பது உணவை எதிர்பார்க்காத நேரம். பகலில் சாப்பிடும் அதே அளவுச் சோற்றை இரவு 2 மணிக்குச் சாப்பிட்டால், இன்சுலின் சுரப்பும் அதன் செயல்திறனும் குறைந்திருப்பதால், இரத்தச் சர்க்கரை கூடுதலாக ஏறி மெதுவாகவே இறங்குகிறது.

நீண்ட காலத்தில் இது என்ன செய்கிறது என்பதற்குச் செவிலியர்களிடமிருந்தே சான்று கிடைத்திருக்கிறது. அமெரிக்காவில் 1976இல் 1,21,700 செவிலியர்களுடன் தொடங்கிய 'செவிலியர் நல ஆய்வு', 1989இல் இளைய செவிலியரைச் சேர்த்துத் தொடங்கிய இரண்டாம் ஆய்வு ஆகிய இரண்டின் தரவுகளையும் இணைத்து 2011இல் ஒரு பகுப்பாய்வு வெளிவந்தது. மாதத்துக்குக் குறைந்தது மூன்று இரவுகள் எனப் பகலும் இரவும் மாறி மாறிப் பணியாற்றிய ஆண்டுகள் கூடக் கூட, இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பும் கூடியது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அவ்வாறு பணியாற்றியவர்களுக்கு, மற்றப் பழக்கவழக்கங்களைக் கணக்கில் கொண்ட பிறகும், வாய்ப்பு 58 விழுக்காடு அதிகம். உடல் எடையையும் கணக்கில் சேர்த்தபோது அது 24 விழுக்காடாகக் குறைந்தது. கூடுதல் ஆபத்தில் பாதிக்கு மேல் எடை வழியாக வருகிறது என்றும், எடை கூடாதவருக்கும் ஓரளவு ஆபத்து எஞ்சுகிறது என்றும் இதைப் படிக்கலாம்.

தூக்கக் குறைவும் இதில் சேர்கிறது. இரண்டே இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் உறங்கிய இளைஞர்களிடம், பசியடங்கியதை உணர்த்தும் லெப்டின் குறைந்து, பசியைத் தூண்டும் கிரெலின் கூடியதைச் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் காட்டினார்கள். அந்த இளைஞர்கள் அதிகம் விரும்பியதும் இனிப்பையும் மாவுப் பண்டங்களையும்தான். அதிகாலை 4 மணிக்குப் பழக்கூடையை விட்டுவிட்டு பிஸ்கட் பாக்கெட்டைக் கை தேடுவதற்கு மன உறுதிக் குறைவைக் காரணம் சொல்வது நியாயமில்லை.

நைட் டூட்டியில் எப்போது, என்ன சாப்பிடலாம்?

பாஸ்டன் நகரின் பிரிகாம் மகளிர் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு நல்ல வழிகாட்டி. இரவுப் பணியைப் போலவே ஆய்வகத்தில் விழித்திருக்க வைக்கப்பட்ட 19 பேரில் ஒரு பிரிவினர் இரவிலும் உண்டனர். மற்றவர் பகலில் மட்டும் உண்டனர். இரவில் உண்டவர்களின் சராசரி இரத்தச் சர்க்கரை 6.4 விழுக்காடு உயர்ந்தது. பகலில் மட்டும் உண்டவர்களிடம் குறிப்பிடத்தக்க உயர்வு இல்லை.

சோதனை சிறியது, ஆய்வகம் வார்டும் அன்று. பன்னிரண்டு மணி நேரம் நோயாளியைத் தூக்கி, திருப்பி, ஓடித் திரியும் ஒருவரைப் பட்டினி இருக்கச் சொல்வது சரியாகாது. மருந்தின் அளவைக் கணக்கிடும் கை பசியில் தவறினால் விளைவு நோயாளிக்குத்தான். ஆகவே நடைமுறையில் நான் பரிந்துரைப்பது இடைப்பட்ட வழி. நாளின் பெரிய சாப்பாடு இரண்டும் பகல் வெளிச்சத்தை ஒட்டி அமையட்டும். டூட்டிக்குக் கிளம்பும் முன், மாலை 6 முதல் 7 மணிக்குள், இரவுச் சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துவிடுவது நல்லது. அது முடியாதவர்கள் கொண்டுவந்த டிபனை, ரவுண்ட்ஸ் முடிந்ததும், பத்து மணிக்கு முன்னால் உண்டுவிடலாம். நள்ளிரவுக்கும் காலை 5 மணிக்கும் இடையில் முழுச் சாப்பாடு வேண்டாம். பசித்தால் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், அல்லது அவித்த முட்டை ஒன்றோ இரண்டோ, அல்லது ஒரு கொய்யாவும் ஒரு பிடி வறுத்த வேர்க்கடலையும், அல்லது ஒரு தம்ளர் மோர் போதும். புரதமும் நார்ச்சத்தும் உள்ள சிறு உணவு சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாது. கண்ணையும் சொக்க வைக்காது.

காலையில் வீடு திரும்பியதும் வெறும் வயிற்றோடு படுத்தால் பதினொரு மணிக்கே பசி எழுப்பிவிடும். பொங்கலும் வடையும் நிறையச் சாப்பிட்டுப் படுத்தால் நெஞ்செரிச்சலில் தூக்கம் கெடும். இரண்டு இட்லியும் சாம்பாரும் போன்ற எளிய உணவோடு படுத்து, எழுந்தபின் மதியச் சாப்பாட்டை முழுமையாகச் சாப்பிடுவது பலருக்கு ஒத்துவருகிறது.

கொண்டுவந்த உணவைப் பற்றி ஒரு வார்த்தை. கோடைக்காலத்தில் மாலை ஆறு மணிக்குக் கட்டிய சாம்பார் சாதம் நள்ளிரவு வரை கெடாமல் இருக்கும் என்று நம்ப முடியாது. அதற்காக டிபன் பாக்ஸை வார்டின் மருந்து ஃபிரிட்ஜில், தடுப்பூசிக் குப்பிகளுக்குப் பக்கத்தில் வைப்பதும் கூடாது. இரண்டுக்கும் பொதுவான தீர்வு ஒன்றே: பணியாளர் அறையில் உணவுக்கென ஒரு தனி ஃபிரிட்ஜ்.

டீயை விட வேண்டுமா?

டீயை விட வேண்டியதில்லை, அதிலுள்ள சர்க்கரையைக் குறைத்தால் போதும். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை சுமார் 5 கிராம், 20 கிலோகலோரி. இரண்டு கரண்டி போட்ட டீயை ஒரு டூட்டியில் ஐந்து முறை குடிப்பவர் 50 கிராம் சர்க்கரையை, அதாவது 200 கிலோகலோரியை, சாப்பிட்டதாகவே நினைக்காமல் உட்கொள்கிறார். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு நாள் முழுமைக்கும் பரிந்துரைக்கும் வரம்பே 20 முதல் 25 கிராம்தான். ஒரே நாளில் நிறுத்தினால் டீயே கசந்துபோகும். வாரத்துக்கு அரைக் கரண்டி என்று குறைப்பவர்கள் பெரும்பாலும் பழைய இனிப்புக்குத் திரும்புவதில்லை.

இன்னும் இரண்டு செய்திகள். சாப்பாட்டோடு சேர்த்து டீ குடித்தால் கீரை, பயறு ஆகியவற்றிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறைகிறது. இரத்தசோகை உள்ளவர்கள் ஒரு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். காபி, டீயின் காஃபின் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆவதால், காலை 9 மணிக்குப் படுக்க நினைப்பவர் அதிகாலை 3 மணிக்குமேல் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. வார்டில் தாகமென்று தோன்றும்போதெல்லாம் டீயைத் தேடுவதற்கு, தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக நேரம் கிடைக்காதே என்ற தயக்கமும் ஒரு காரணம். அதைச் சரிசெய்ய வேண்டியவர் பணிப்பட்டியல் போடுபவர்.

சோற்றை நிறுத்தினால்தான் எடை குறையுமா?

சோறு இருக்கட்டும், அதன் பங்கைக் குறைக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 2,000 கிலோகலோரி தேவைப்படும் ஒருவரின் ஒரு நாள் உணவை இப்படிப் பிரிக்கிறது: சமைக்காத எடையில் தானியமும் சிறுதானியமும் 250 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு அல்லது முட்டை, மீன், இறைச்சி 85 கிராம், கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, எண்ணெயும் கொழுப்பும் 27 கிராம். உருளைக்கிழங்கு காய்கறிக் கணக்கில் வராது. மொத்த ஆற்றலில் தானியத்தின் பங்கு 45 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பதும் அதன் பரிந்துரை.

இதை நம்முடைய டிபன் கேரியரோடு ஒப்பிட்டால் சிக்கல் விளங்கும். காலை 5 மணிக்கு எழுந்து சமைப்பவருக்கு எளிதானது எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும், இரண்டுமே மாவுச்சத்து. அதே அரிசியில் பாதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் முந்தின இரவே ஊறவைத்த பயறில் ஒரு சுண்டலும் ஒரு பொரியலும் வைத்தால் வயிறும் நிறையும், எடையும் கட்டுக்குள் இருக்கும். சாம்பார் சாதத்தில் பருப்பைக் கூட்டுவதும், தயிர்சாதத்தில் துருவிய கேரட், வெள்ளரி சேர்ப்பதும் கூடுதல் வேலையில்லாத மாற்றங்கள். புரதம் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் என்ற கணக்கில் 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 46 கிராம் தேவை. அரிசி மிகுந்த கேரியரில் இந்த அளவு எளிதில் எட்டாது.

கம்பு, கேழ்வரகுக்கு மாறினாலே எடை குறைந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அவற்றில் நார்ச்சத்தும் கனிமங்களும் அதிகம் என்பது உண்மை. எனினும் ஒரு கிராம் கம்பு தரும் ஆற்றல் ஒரு கிராம் அரிசி தருவதற்கு ஏறக்குறைய இணை. அளவைப் பார்க்காமல் சாப்பிட்டால் பயன் இல்லை.

நாள் முழுக்க வார்டில் நடக்கிறோம். பிறகும் ஏன் எடை குறைவதில்லை?

வார்டில் நடப்பது சிறு சிறு தூரங்களாக, நின்று நின்று நடப்பது. கால் வலித்தாலும் அதற்கேற்ற அளவு ஆற்றல் செலவாவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 கணக்கில் உடலுழைப்புக் குறைந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,660 கிலோகலோரியும், நடுத்தர உழைப்புள்ள பெண்ணுக்கு 2,130 கிலோகலோரியும் தேவை. ஓ.பி. சீட்டுப் பதிவில் உட்கார்ந்திருப்பவரும் எலும்பு முறிவு வார்டில் நோயாளிகளைத் தூக்கித் திருப்புபவரும் ஒரே மருத்துவமனை ஊழியர்கள்தாம். அவர்களின் தேவை ஒன்றாகாது. களைப்பை வைத்துச் செலவைக் கணக்கிடுவதால்தான், "இவ்வளவு உழைத்தேனே" என்று வழியில் சாப்பிடும் இரண்டு பரோட்டா பொருத்தமாகத் தோன்றுகிறது. வேலைக்கு அப்பால், மூச்சு வாங்கும் வேகத்தில் அரை மணி நேர நடை வாரத்தில் ஐந்து நாள் தேவை. நைட் டூட்டி முடிந்த காலையில் இதைச் செய்ய வேண்டாம். அன்றைக்குத் தூக்கமே முதல் மருந்து.

என் எடை அதிகமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கிலோ கணக்கில் உள்ள எடையை, மீட்டர் கணக்கில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் (உயரம் × உயரம்) வகுத்தால் வருவது உடல் நிறைக் குறியெண். இந்தியர்களுக்கு 2009இல் வகுக்கப்பட்ட ஒப்புக்கொண்ட அளவுகளின்படி 18 முதல் 22.9 வரை இயல்பு, 23 முதல் 24.9 வரை அதிக எடை, 25 முதல் உடல் பருமன். மேலை நாட்டு அட்டவணையில் 24 என்பது இயல்பாகத் தெரியும். நம் உடலமைப்பில் அதே எடைக்குக் கொழுப்பின் பங்கு கூடுதல், அதிலும் வயிற்றைச் சுற்றியது கூடுதல் என்பதால்தான் வரம்பு தாழ்த்தப்பட்டது. இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. என்பது எல்லை. இரண்டில் ஒன்றைத்தான் அளக்க முடியும் என்றால் அளவு நாடாவையே எடுங்கள்.

மருத்துவமனை இந்தக் கல்வியை எப்படி நடத்த வேண்டும்?

கருத்தரங்குக் கூடத்தில் இரண்டு மணி நேரம் ஸ்லைடு காட்டும் நிகழ்ச்சியைக் கைவிடுவதுதான் முதல் படி. அதற்கு வருபவர்கள் பகல் டூட்டியில் இருப்பவர்களும், வராவிட்டால் கணக்குக் கேட்கப்படுவோம் என்று அஞ்சுபவர்களும்தாம். தேவை மிகுந்த இரவுப் பணியாளர் அந்நேரம் உறங்கிக்கொண்டிருப்பார். மாற்றாக, ஷிஃப்ட் ஒப்படைக்கும் நேரத்தை ஒட்டி, வார்டிலேயே, பணி நேரத்துக்கு உள்ளேயே, பதினைந்து நிமிட அமர்வுகளாக நடத்தலாம். ஓர் அமர்வுக்கு ஒரே பொருள் போதும்: ஒரு வாரம் டீச் சர்க்கரை, அடுத்த வாரம் டிபன் கேரியர், அதற்கடுத்த வாரம் இரவுப் பசி. மருத்துவமனை உணவியல் நிபுணர் பேசுவதைக் காட்டிலும், அதே வார்டில் வேலை செய்யும் ஒரு மூத்த சிஸ்டர் தன் கேரியரைத் திறந்து காட்டிப் பேசுவது நன்றாக எடுபடும்.

இடையே தொடர்ந்து நினைவூட்ட கைப்பேசி உதவும். தென்னிந்தியாவில் தொழில் நிறுவனங்களில் வேலை செய்த, நீரிழிவுக்கு முந்தைய நிலையிலிருந்த 537 ஆண்களிடம் நடந்து, 2013இல் வெளியான ஓர் ஆய்வில், உணவும் உடற்பயிற்சியும் பற்றிய குறுஞ்செய்திகளைத் தொடர்ந்து பெற்றவர்களில் இரண்டு ஆண்டுகளில் 18 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கு வந்தது. சென்னையைச் சேர்ந்த மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையிலான குழு நடத்திய ஆய்வு இது. குறுஞ்செய்திக்குச் செலவு மிகக் குறைவு. ஆனால் அதிகாரிகள் பார்க்கும் அலுவல் வாட்ஸ்அப் குழுவில் இதைப் போட வேண்டாம். அங்கே ஆளுக்கொரு கைகூப்பும் படம் வரும், அதோடு சரி.

ஒப்பந்தப் பணியாளர்களும் தூய்மைப் பணியாளர்களும் இதில் சேர்க்கப்பட வேண்டுமா?

அவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. காலை ஆறு மணிக்கு வேலைக்கு வரும் ஒரு தூய்மைப் பணியாளர் வீட்டில் எதுவும் சாப்பிடாமல், டீயும் பன்னுமாகப் பத்து மணி வரை ஓட்டுவது சாதாரணமாகக் காணக்கூடியது. பாதாம் சாப்பிடுங்கள், ஆலிவ் எண்ணெய் ஊற்றுங்கள் என்று பேசும் வகுப்பில் அவர் பின்வரிசையில் உட்கார்ந்து எழுந்து போய்விடுவார். பொட்டுக்கடலை, வேர்க்கடலை, முருங்கைக்கீரை, முட்டை, நெத்திலி, மத்தி, கொய்யா என்று அவர் தெருவில், அவர் கைக்கெட்டும் விலையில் கிடைப்பவற்றைக் கொண்டு பாடம் அமைய வேண்டும். அவருடைய ஊதியத்தைத் தருவது ஒப்பந்த நிறுவனம் என்பதால், காலை இடைவேளை பதினைந்து நிமிடமாவது உண்டு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். வாய்மொழி ஏற்பாடு மேற்பார்வையாளர் மாறியதும் போய்விடும்.

கேன்டீனில் எதை மாற்றுவது?

பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் உணவகம் 2010இல் தொடங்கிய முயற்சி இதில் முன்னோடி. உணவுகளுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் போக்குவரத்து விளக்கின் நிறங்களில் அடையாளம் இட்டார்கள்; சில மாதங்கள் கழித்து, தண்ணீரையும் பச்சை அடையாளப் பொருட்களையும் கண் மட்டத்தில், கை எட்டும் இடத்தில் வைத்தார்கள். முதல் கட்டத்தில் சிவப்பு அடையாளப் பானங்களின் விற்பனை 16.5 விழுக்காடு குறைந்தது. இடம் மாற்றிய பிறகு மேலும் 11.4 விழுக்காடு குறைந்தது. யாரும் எதையும் தடைசெய்யவில்லை. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ மருத்துவ வளாகம் 2015இல் ஒரு படி மேலே போய், சர்க்கரைப் பானங்களின் விற்பனையையே நிறுத்தியது. அவற்றை நிறையக் குடித்துவந்த 214 பணியாளர்களைப் பின்தொடர்ந்தபோது, குடிக்கும் அளவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது.

நம் கேன்டீனுக்கு இதை எப்படிக் கொண்டுவருவது? பணம் செலுத்தும் மேசையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் வடை, பஜ்ஜி, பப்ஸ் ஆகியவற்றை உள்ளே தள்ளிவிட்டு அந்த இடத்தில் சுண்டலையும் வாழைப்பழத்தையும் வைக்கலாம். டீயைச் சர்க்கரை போடாமல் கொடுத்து, வேண்டியவர் போட்டுக்கொள்ளட்டும் என்று விடலாம். மதியச் சாப்பாட்டில் சோறு அளவாகவும், கூட்டும் பொரியலும் கேட்ட அளவுக்கும் என்று மாற்றலாம்; இப்போது பெரும்பாலான இடங்களில் நேர்மாறாக, சோறு அளவில்லாமலும் பொரியல் ஒரு கரண்டியுமாக இருக்கிறது. காய்கறியின் விலையால் கேன்டீன் குத்தகைதாரர் இதை எதிர்ப்பார். எதிர்ப்பு நியாயமானது. நிர்வாகம் வாடகையில் விட்டுக்கொடுத்தோ, ஒரு சிறு மானியம் தந்தோ அதை ஈடுகட்ட முன்வராவிட்டால், சுவரில் ஒட்டிய விழிப்புணர்வுச் சுவரொட்டி மட்டும் மிஞ்சும்.

இரவைப் பற்றிக் கேட்பவர் குறைவு. பல மருத்துவமனைகளில் கேன்டீன் இரவு 9 அல்லது 10 மணியோடு மூடப்படுகிறது. பிறகு பணியாளருக்குத் திறந்திருப்பது வாசலில் உள்ள டீக்கடையும் பரோட்டாக் கடையும்தான். இரவில் சமைக்க ஆள் வைக்க முடியாவிட்டாலும், மாலையிலேயே தயாரித்த சுண்டல், அவித்த முட்டை, மோர், பழம் ஆகியவற்றைக் குளிர்பெட்டியில் வைத்துக் காவலர் பொறுப்பில் விற்க முடியும். இந்திய உணவுப் பாதுகாப்பு தர ஆணையம் மருத்துவமனை உள்ளிட்ட வளாகங்களுக்கு வழங்கும் 'ஈட் ரைட் கேம்பஸ்' சான்றுக்கு முயலும் நிர்வாகங்கள், இரவு உணவையும் அந்தத் திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும்.

எத்தனை கிலோ குறைந்தால் திட்டம் வெற்றி?

கிலோவை வெற்றியின் அளவுகோலாக வைக்க வேண்டாம் என்பதே என் உறுதியான பரிந்துரை. மேற்சொன்ன அதே மாசசூசெட்ஸ் மருத்துவமனையில், 602 பணியாளர்களைக் கொண்டு நடந்து 2021இல் வெளியான மற்றொரு சோதனையில், ஒவ்வொருவரின் கேன்டீன் வாங்கல்களையும் அடிப்படையாகக் கொண்டு ஓராண்டு மின்னஞ்சல் ஆலோசனை தரப்பட்டது. பணியாளர்கள் முன்னைவிட நல்ல உணவை வாங்கினார்கள். எடையில் மட்டும் ஆலோசனை பெற்ற பிரிவுக்கும் பெறாத பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. சான் பிரான்சிஸ்கோவிலும் இடுப்புச் சுற்றளவு சராசரியாக 2.1 செ.மீ. குறைந்தது, உடல் நிறைக் குறியெண் அசையவில்லை.

தராசு அசையாததால் பயனில்லை என்று முடிவுகட்டுபவர்களுக்குச் சென்னை ஒரு பதில் வைத்திருக்கிறது. 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவுக்கு முந்தைய நிலையிலிருந்த 531 பேர் பங்கேற்றனர். உணவையும் நடையையும் மாற்றிய பிரிவில் நீரிழிவு வருவது மூன்றாண்டுகளில் 28.5 விழுக்காடு குறைந்தது, எடை குறிப்பிடும்படி குறையாமலே. ஆகவே நிர்வாகம் பார்க்க வேண்டியவை வேறு: இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, ஹீமோகுளோபின், டூட்டியில் உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடைத்த நாட்களின் எண்ணிக்கை. எடையைக் குறைக்க விரும்பும் தனி ஒருவருக்கு ஆறு மாதத்தில் இருக்கும் எடையில் 5 விழுக்காடு என்பது நல்ல இலக்கு. 70 கிலோ உள்ளவருக்கு மூன்றரைக் கிலோ.

வார்டுகளுக்கு இடையே எடை குறைப்புப் போட்டி நடத்தலாமா?

வேண்டாம். பரிசுக்காகக் கடைசி வாரம் பட்டினி கிடப்பதும், போட்டி முடிந்த மாதமே எடை திரும்புவதும் ஒருபுறம் இருக்க, சக ஊழியர் முன்னிலையில் எடை பார்க்கப்படுவது பலருக்கு அவமானம். உணவுக் கோளாறு உள்ளவருக்கு ஆபத்தும் கூட. எடையும் பரிசோதனை முடிவுகளும் ஹெட் நர்ஸ் கையிலோ மனிதவளப் பிரிவிலோ இருக்கக் கூடாது. அவற்றைப் பார்க்கும் மருத்துவர் அந்த ஊழியருக்கு மேலதிகாரியாகவும் இருக்கக் கூடாது. ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது இந்த விவரம் பயன்படாது என்று எழுத்தில் தந்தால்தான் ஒப்பந்த ஊழியர்கள் வருவார்கள்.

பருமனான சிஸ்டர் அறிவுரை சொன்னால் நோயாளி கேட்பாரா?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் நோயாளிகள் எழுப்புவதில்லை, மேலதிகாரிகள்தான் எழுப்புகிறார்கள். ஒருவரின் உடலைப் பார்த்து அவருடைய தொழில் தகுதியை எடைபோடுவது முறையன்று. தானும் சர்க்கரையோடு போராடுவதாகச் சொல்லும் செவிலியரிடம் நோயாளிகள் கூடுதலாக மனம் திறப்பதையும் வார்டில் பார்க்கலாம்.

டிஸ்சார்ஜ் ஆகும் நோயாளிகள் தரும் ஸ்வீட் பெட்டிகளை என்ன செய்வது?

குழந்தை பிறந்த மகிழ்ச்சியில் தரும் லட்டை மறுப்பது மரியாதையாக இருக்காது. வாங்கி, ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு, மீதியைச் செவிலியர் மேசையிலிருந்து அகற்றிவிடுங்கள். திறந்த பெட்டி கண்ணெதிரே இருக்கும்வரை கை போய்க்கொண்டேதான் இருக்கும்.

சக ஊழியர் விற்கும் எடை குறைப்பு மாவு, அல்லது இப்போது பேசப்படும் எடை குறைப்பு ஊசி பயன்படுமா?

சங்கிலி வணிக முறையில் விற்கப்படும் ஷேக் மாவுகளுக்காக மாதந்தோறும் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தருபவர்கள் மருத்துவமனைகளில் கணிசமாக உண்டு. ஒரு வேளை உணவுக்குப் பதில் குடிப்பதால் முதலில் எடை குறையும், நிறுத்தியதும் திரும்பும். வார்டுக்குள் அதை விற்பதை நிர்வாகம் அனுமதிக்கக் கூடாது.

செமாகுளுடைடு, டிர்செபடைடு ஊசிகள் வேறு வகை. அவை சோதிக்கப்பட்ட மருந்துகள். உரியவருக்கு நன்றாகவே வேலை செய்கின்றன. மருத்துவர் சீட்டும் தொடர் கண்காணிப்பும் அவற்றுக்குத் தேவை. மருந்தகம் பக்கத்திலேயே இருக்கிறது, ஊசி போடத் தெரியும் என்பதற்காகத் தானே தொடங்கிவிடும் வழக்கம் மருத்துவமனை ஊழியர்களிடம்தான் எளிதாக நுழையும். குமட்டலும் வாந்தியும் பொதுவான பக்கவிளைவுகள். போதிய புரதமும் உடற்பயிற்சியும் இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும்.

யார் யார் தாமாக உணவைக் குறைக்கக் கூடாது?

கர்ப்பிணிகளுக்கு நாளொன்றுக்குக் கூடுதலாக 350 கிலோகலோரியும், முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தருபவர்களுக்கு 600 கிலோகலோரியும் தேவைப்படுவதால், மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பியவுடன் எடையைக் குறைக்க அவசரப்படக் கூடாது. ஹீமோகுளோபின் குறைவாக உள்ளவர்கள் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு போன்ற நீரிழிவு மாத்திரை எடுப்பவர்களும் இரவுச் சாப்பாட்டின் நேரத்தையோ அளவையோ மாற்றும் முன் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும். டூட்டி மாறும் வாரங்களில் மருந்தின் அளவும் நேரமும் மாற வேண்டியிருக்கலாம். இவர்கள் நைட் டூட்டியில் சட்டைப் பையில் குளுக்கோஸ் வைத்திருப்பதும், உடன் பணியாற்றும் ஒருவருக்காவது தம் நிலையைச் சொல்லிவைப்பதும் அவசியம். அதிகாலை நேரத்து வியர்வையையும் நடுக்கத்தையும் வேலைக் களைப்பு என்று எண்ணி விட்டுவிடாமல், உடனே விரல் நுனியில் சர்க்கரையைப் பார்க்க வேண்டும்.